படிக்கத் திணறுற சின்னப் பிள்ளைங்கள வீட்டுலயே வாசிக்க வைக்கறது எப்படி: முழு வழிகாட்டி

பிள்ளை வாசிக்கத் திணறுதுன்னு தெரிஞ்ச உடனே பெத்தவங்க கையில எடுக்கற வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான், இன்னும் ரெண்டு பக்கம் சேத்துப் படி. அது கண்ணைக் கசக்கிட்டே படிக்கும், மறுநாளும் அதே இடத்துல அதே மாதிரி நிக்கும். ஏன்னா வாசிக்கச் சொல்றது வேற, வாசிக்கக் கத்துக்குடுக்கறது வேற. பெரும்பாலான பிள்ளைங்க முதல் வேலைய வச்சே ரெண்டாவதையும் எப்படியோ பிடிச்சுக்கும். டிஸ்லெக்சியா மாதிரி வாசிப்புச் சிக்கல் இருக்க பிள்ளைக்கு அது தானா வராது, ஒவ்வொரு படியா காட்டிக் குடுக்கணும். அந்தப் படிகள் என்னன்னுதான் இதுல எழுதறேன். 5 வயசுல இருந்து 9 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கள மனசுல வச்சு எழுதினது, பெரிய பிள்ளைங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும்.

முதல்ல, பிள்ளைக்குப் புத்தி குறைவோங்கற சந்தேகத்த முடிச்சுடுவோம். 1896ல பிரிங்கிள் மார்கன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் ஒரு 14 வயசுப் பையனப் பத்தி மருத்துவப் பத்திரிகையில எழுதினார். பையன் நல்ல கெட்டிக்காரன், விளையாட்டுல சுறுசுறுப்பு, ஆனா பெர்சிங்கற தன் சொந்தப் பேரையே எழுத்து மாத்தி பிரெசின்னு எழுதுவான். எல்லாத்தையும் வாய்வழியாவே சொல்லிக்குடுத்தா இந்த ஸ்கூல்லயே இவன்தான் முதல் ஆளா இருப்பான்னு அவன் வாத்தியாரே சொன்னாராம். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கும் டீச்சருங்க இதே வார்த்தையத்தான் சொல்றாங்க, "வாய் கிழிய பேசுறான், புத்தகத்த எடுத்தா மட்டும் ஊமையாயிடுறான்". கேட்டா எல்லாம் புரியும், எழுத்தப் பாத்தா சத்தம் வராது. சிக்கல் இருக்கறது எழுத்தையும் சத்தத்தையும் இணைக்கற இடத்துல. கண்ணுலயும் இல்ல, புத்தியிலயும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. குடும்பத்துல வர்ற விஷயமும்கூட, அப்பாவோ அத்தையோ மாமாவோ சின்ன வயசுல படிக்க ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காங்களான்னு ஒரு தடவ விசாரிச்சுப் பாருங்க.

படி 1: எங்க தடுக்குதுன்னு பாருங்க

"படிக்க வரல"ன்னு பொத்தாம்பொதுவா சொன்னா எதையும் செய்ய முடியாது. பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சு, அது இதுவரைக்கும் கேக்காத ஒரு சின்னப் பத்திய வாசிக்கச் சொல்லி, நீங்க திருத்தாம, முகத்தையும் சுளிக்காம, வர்ற தப்ப அப்படியே ஒரு பேப்பர்ல எழுதுங்க. கேக்காத பத்தின்னு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இந்தப் பிள்ளைங்கள்ல சிலது கிளாஸ்ல ரெண்டு தடவ கேட்ட பாடத்த அப்படியே ஒப்பிக்கும், விரல் ஒரு வரியில இருக்கும் வாய் அடுத்த வரியில இருக்கும், வீட்டுல "நல்லாத்தானே படிக்குது"ன்னு நினைச்சுட்டு இருப்பாங்க.

என்ன மாதிரி தப்பு வரும்? "மரத்தடியில்"னு இருந்தா ம, ர ரெண்ட மட்டும் பாத்துட்டு "மரம்"னு சொல்லிட்டுப் போகும், இது ஊகிக்கறது. "படம்", "பாடம்" ரெண்டையும் ஒண்ணா வாசிக்கும், இது குறில் நெடில் பிடிபடாதது. "கொடுத்தான்"ங்கற வார்த்தையில வந்து நிக்கும், "கெ... ர..."ன்னு ஆரம்பிச்சு உங்க முகத்தப் பாக்கும். இந்தக் கடைசித் தப்ப கொஞ்சம் உத்துப் பாருங்க, பிள்ளை பக்கமும் நியாயம் இருக்கு. கொ-வுல முதல்ல ஒத்தக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். கண்ணு இடமிருந்து வலம் போகுது, ஆனா சத்தம் அந்த வரிசையில வர்றதில்ல, கொம்பு முன்னால நிக்குது அதோட சத்தம் பின்னால வருது, போதாததுக்கு துணைக்கால் பாக்க ர மாதிரியே இருக்கு. நமக்குப் பழகிப்போச்சு. அதுக்கு இது ஒரு புதிர்.

இன்னொன்னு, எழுத்த தலைகீழா, இடவலமா மாத்தி எழுதறத மட்டும் வச்சு டிஸ்லெக்சியான்னு முடிவு கட்டிடாதீங்க. 6, 7 வயசு வரைக்கும் நிறைய பிள்ளைங்க அப்படி எழுதும்.

படி 2: காது, கண், அப்புறம் நிபுணர்

காது கேக்குதான்னு ஒரு டெஸ்ட், கண்ணு தெரியுதான்னு ஒரு டெஸ்ட், ரெண்டும் எடுத்துடுங்க. அடிக்கடி காதுல சீழ் வந்த பிள்ளைன்னா கண்டிப்பா. அதுக்கப்புறம் கற்றல் குறைபாட்ட மதிப்பிடற சைக்காலஜிஸ்ட் அல்லது ஸ்பெஷல் எஜுகேட்டர்கிட்ட காட்டுங்க. 6 மாசமாவது முறையா சொல்லிக்குடுத்தும் முன்னேறலன்னாதான் அதிகாரபூர்வமா கற்றல் குறைபாடுன்னு சொல்லுவாங்க, ஆனா அந்தச் சீட்டு வர்ற வரைக்கும் கையக் கட்டிட்டு உக்காரணும்னு அர்த்தமில்ல. கீழ சொல்றது எதுவும் டிஸ்லெக்சியா இல்லாத பிள்ளைக்கும் கெடுதல் பண்ணாது. "வளர வளர சரியாயிடும்"னு யாராவது சொன்னா தலைய ஆட்டிட்டு வேலைய ஆரம்பிச்சிடுங்க, காத்திருக்கறதுல நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

படி 3: எழுத்தே இல்லாம சத்தத்தோட விளையாடுங்க

இத நிறைய பேரு தாண்டிப் போயிடுறாங்க, அஸ்திவாரமே இதுதான். 2000ல அமெரிக்காவுல நேஷனல் ரீடிங் பேனல்னு ஒரு குழு அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியெல்லாம் அலசிப் பாத்து அஞ்சு விஷயத்தச் சொல்லுச்சு: வார்த்தையில இருக்க சத்தத்தப் பிரிச்சுக் கேக்கறது, எழுத்து சத்தம் இணைப்பு, சரளம், சொல்வளம், புரிஞ்சுக்கறது. அதுல முதல்ல நிக்கறது இதுதான்.

புத்தகம் வேண்டாம், நடந்துட்டே, சட்டை மடிச்சுட்டே செய்யலாம். "பலகைய கை தட்டிச் சொல்லு", ப-ல-கை, மூணு தட்டு. அது வந்ததும் "கடல்ல க-வ எடுத்துட்டா என்ன மிச்சம்?" டல். சிரிக்கும், சிரிக்கட்டும், அர்த்தமில்லாத வார்த்தைதான் நல்லது, மனப்பாடத்துல இருந்து எடுத்து விட முடியாது. அப்புறம் மாத்தறது, "மரத்துல ம-வுக்குப் பதிலா வ போடு", வரம். அதுக்கும் மேல போய் "ப-வுல ரெண்டு சத்தம் ஒளிஞ்சிருக்கு, இழுத்துச் சொல்லு பாப்போம்", ப்...அ. இங்க வந்து நிறைய பிள்ளைங்க மாட்டும். எல்கோனின்னு ஒரு ரஷ்ய உளவியலாளர் கண்டுபிடிச்ச வழி ஒண்ணு இருக்கு, பேப்பர்ல வரிசையா கட்டம் போட்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பட்டன கட்டத்துக்குள்ள தள்ளச் சொல்லணும். காதுக்கு மட்டும் கேட்ட சத்தம் இப்ப கையிலயும் தட்டுப்படுது, அதனால பிடிச்சுக்குது.

ஒரு நாளைக்கு 3ல இருந்து 5 நிமிஷம் போதும்.

படி 4: எழுத்து அறிமுகம், சார்ட்டு வரிசையில வேண்டவே வேண்டாம்

247 எழுத்த சுவத்துல ஒட்டி வச்சு அ-வுல இருந்து ஒப்பிக்க வைக்கறது இந்தப் பிள்ளைங்களுக்குப் பெரிய தண்டனை. இவங்கள்ல சிலர் ஒப்பிக்கறதுல கெட்டிக்காரங்க, கா கி கீ-ன்னு பாட்டு மாதிரி பாடி முடிச்சுட்டு, நடுவுல இருக்க ஒரு எழுத்த விரல் வச்சு கேட்டா பேந்தப் பேந்த முழிக்கும்.

எழுதவும் சுலபமா, சேத்தா உடனே வார்த்தையாவும் வர்ற எழுத்துல தொடங்குங்க. ட, ப, ம, அதோட புள்ளி. படம், மடம், பட்டம், மட்டம். முதல் வாரத்துலயே பிள்ளை ஒரு முழு வார்த்தைய தானா வாசிச்சிடுச்சு! அப்புறம் ர, க, ல சேத்துக்கோங்க: மரம், கடல், பகல், கல், பல். அதுக்கப்புறம்தான் துணைக்கால், அதையும் ஜோடி ஜோடியா: கல் கால், பல் பால், படம் பாடம். குறில் நெடில இலக்கணமா சொல்லாதீங்க, பால்னு இழுக்கறப்ப கையையும் சேத்து இழுக்கட்டும்.

ஒண்ணப்போல இருக்கறத ஒண்ணா சொல்லிக்குடுக்கக் கூடாது. ன, ண, ந மூணையும் ஒரே நாள்ல காட்டி "ரெண்டு சுழி, மூணு சுழி"ன்னு வித்தியாசம் சொன்னா ஏற்கெனவே குழம்பற பிள்ளை இன்னும் குழம்பும். ஒண்ணு நல்லா ஊறினப்புறம், ரெண்டு மூணு வாரம் இடைவெளி விட்டு அடுத்தது. ல, ள, ழ-வும் அப்படித்தான், பேச்சுல நாமளே பாதி நேரம் வித்தியாசம் காட்டறதில்ல, பிள்ளை மட்டும் எப்படிக் காதால பிடிக்கும், அதனால பள்ளி, பல்லி-ன்னு வார்த்தை வார்த்தையா கண்ணுக்குப் பழக்குங்க.

உகரம் ஒரு தனித் தலைவலி. கால், கொம்பு எல்லாம் எந்த எழுத்தோட சேந்தாலும் ஒரே மாதிரி இருக்கும், உகரம் ஆளுக்கொரு வேஷம் போடும். மூணு கூட்டமா பிரிச்சுக்கோங்க: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, யு, வு இன்னொன்னு. து, நு, லு, று, ணு, னு மூணாவது. ஒரு கூட்டம் முடிஞ்சுதான் அடுத்தது, நெடில் ஊகாரம் அதுக்கும் அப்புறம்.

கொ, கோ-வுக்கு நான் பாத்ததுல நல்லா வேலை செய்யறது கலர் பென்சில். கொம்பையும் காலையும் ஒரே கலர்ல, நடுவுல இருக்க எழுத்த வேற கலர்ல எழுதுங்க. ரெண்டு பக்கமும் இருக்கறது சேந்து ஒரே சத்தம்னு கண்ணு தானா பிடிச்சுக்கும். கொஞ்ச நாள் கழிச்சு கலர எடுத்துடலாம்.

படி 5: எழுத்துக் கூட்டி வாசிக்கறது, ஊகம் கூடாது

படத்தப் பாத்துச் சொல்லு, முதல் எழுத்த வச்சுக் கண்டுபிடி, அர்த்தம் வர்ற மாதிரி யோசிச்சுச் சொல்லு, இந்த மூணும் இன்னும் நிறைய இடத்துல சொல்லிக்குடுக்கறாங்க. வாசிப்புல தடுமாறுற பிள்ளைக்கு இதவிடக் கெடுதல் இல்ல, ஏன்னா அது ஏற்கெனவே செய்யற தப்பே அதுதான். கண்ணு வார்த்தையோட கடைசி எழுத்து வரைக்கும் போகணும். ஒவ்வொரு எழுத்தையும் சத்தத்தோட கோத்துக் கோத்து பல தடவ வாசிச்ச வார்த்தைதான் மூளையில பதிஞ்சு அப்புறம் பாத்த உடனே வரும், அந்தக் கோக்கற வேலைய ஊகம் தட்டிப் பறிச்சிடுது.

நீளமான வார்த்தைன்னா கட்டை விரலால மறைச்சுட்டுத் துண்டு துண்டா தெறந்து விடுங்க. "மரத்தடியில்": முதல்ல "ம", அப்புறம் "ரத்", "த", "டி", கடைசியில "யில்". ஒவ்வொரு துண்டையும் சொன்னதும் ஆரம்பத்துல இருந்து சேக்கச் சொல்லுங்க: மரத்... மரத்த... மரத்தடி... மரத்தடியில். இப்படி சேத்துட்டே போறதுதான் முக்கியம், கடைசியில ஒரேயடியா சேக்கச் சொன்னா முதல் துண்டு அதுக்குள்ள மறந்திருக்கும்.

திக்கினா என்ன பண்ணறது? அஞ்சு செகண்ட் பேசாம இருங்க, இதுதான் நமக்குக் கஷ்டம். அப்பவும் வரலன்னா தப்பான எழுத்து மேல பென்சில் வச்சு "இது என்ன சத்தம்?"னு மட்டும் கேளுங்க. அதுக்கும் வரலன்னா சொல்லிக்குடுத்துட்டு, அந்த வாக்கியத்த மட்டும் மறுபடி முதல்ல இருந்து வாசிக்க விடுங்க. "நேத்துதானே சொன்னேன்"ங்கற வாக்கியம் அந்த ரூமுக்குள்ளயே வரக்கூடாது. நேத்து சொன்னது இன்னைக்கு மறந்து போறதுதான் இந்தச் சிக்கலோட குணமே, மத்த பிள்ளைக்குப் பத்து தடவ போதும்னா இதுக்கு அதப்போல பல மடங்கு வேணும்.

வல்லின எழுத்துங்களப் பத்தி ஒரு சின்ன விஷயம். கப்பல், தங்கம், அகம் மூணுலயும் ஒரே க, மூணு சத்தம். தெரிஞ்ச வார்த்தைன்னா பிள்ளை தானா சரி பண்ணிக்கும், புது வார்த்தையில தடுமாறும். வார்த்தை ஆரம்பத்துலயும் இரட்டிச்சாலும் அழுத்தி, மெல்லினத்துக்குப் பின்னாலயும் ரெண்டு உயிர்ச்சத்தத்துக்கு நடுவுலயும் மெதுவா, இவ்வளவு சொன்னா போதும்.

படி 6: வாசிச்சத எழுத வைங்க

அன்னைக்கு வாசிச்ச எழுத்துங்கள வச்சே அஞ்சு வார்த்தை, ஒரு வாக்கியம், நீங்க சொல்ல அது எழுதணும். எழுதறப்ப சத்தத்த வாய் விட்டுச் சொல்லிட்டே எழுதணும். கண்ணு, காது, வாய், கை எல்லாம் ஒரே நேரத்துல வேலை செய்யற இந்த முறைய 1930கள்லயே சாமுவேல் ஆர்ட்டன்னு ஒரு டாக்டரும் அன்னா கில்லிங்காம்னு ஒரு டீச்சரும் சேந்து வளத்தாங்க, இன்னைக்கும் டிஸ்லெக்சியா பிள்ளைங்களுக்கான பயிற்சிகள்ல பாதி அந்த வேர்ல இருந்து வந்ததுதான். இம்போசிஷன் இதுல சேராது. தப்பா எழுதின வார்த்தைய 50 தடவ எழுதச் சொன்னா, பத்தாவது தடவைக்கு மேல வெறும் கை மட்டும்தான் ஓடும்.

படி 7: வேகம்

தப்பில்லாம வாசிக்க வந்தப்புறம்தான் வேகத்தப் பத்தி யோசிக்கணும். தமிழ் மாதிரி எழுத்துக்கும் சத்தத்துக்கும் ஓரளவு நேர்த்தொடர்பு இருக்க மொழியில நிறைய பிள்ளைங்க ஒரு கட்டத்துல சரியா வாசிக்கும், ஆனா நத்தை வேகத்துல வாசிக்கும், வாக்கியம் முடியறதுக்குள்ள ஆரம்பம் மறந்துடும். இதுக்கு நல்ல வழி ஒரே பத்திய மறுபடி மறுபடி வாசிக்கறது. 50, 60 வார்த்தை உள்ள பத்தி, முதல்ல நீங்க வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் ரெண்டு பேரும் சேந்து, அப்புறம் அது தனியா மூணு தடவ. 20 வார்த்தைக்கு ஒரு தப்புக்கு மேல வந்தா பத்தி கஷ்டம்னு அர்த்தம், மாத்திடுங்க. ஸ்டாப்வாட்ச பிள்ளைக்குக் காட்டாதீங்க, சில பிள்ளைங்களுக்கு அது விளையாட்டு, நிறைய பிள்ளைங்களுக்கு பயம்.

படி 8: காதுக்குத் தீனி

1986ல காஃப், டன்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஒரு சின்னக் கணக்கு போட்டாங்க. வாசிச்சுப் புரிஞ்சுக்கறது = எழுத்துக்கூட்டற திறன் × மொழிய புரிஞ்சுக்கற திறன். கூட்டல் இல்ல, பெருக்கல். ஒண்ணு ஜீரோன்னா மொத்தமும் ஜீரோ. அதனால எழுத்து வேலை நடக்கற அதே காலத்துல மொழியும் வளரணும், பிள்ளையால தானா வாசிக்க முடியலங்கறதுக்காக குழந்தைத்தனமான கதையோட அத நிறுத்திடாதீங்க. அதோட வயசுக்கும் ஆசைக்கும் ஏத்த புத்தகத்த, டைனோசரோ விண்வெளியோ எதுவோ, நீங்க தினமும் வாசிச்சுக் காட்டுங்க, ஆடியோ புத்தகம் போடுங்க. அது ஏமாத்து வேலைன்னு சொல்றவங்கள கண்டுக்காதீங்க.

தமிழ்ல இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. வீட்டுல "வந்துச்சு"ன்னு பேசுவோம், புத்தகத்துல "வந்தது"ன்னு இருக்கும். "இருக்காங்க"ன்னு பேசுற பிள்ளைக்கு "இருக்கிறார்கள்"ங்கறது கிட்டத்தட்ட வேற மொழி. மூச்சுப் பிடிச்சு இ-ருக்-கி-றார்-கள்னு கூட்டி முடிச்சும் முகத்துல ஒரு வெளிச்சமும் வராது, ஏன்னா அது அதோட காதுல விழுந்த வார்த்தையே இல்ல. எழுத்துத் தமிழ தினமும் காதுல போட்டுட்டே இருந்தாத்தான் கூட்டின வார்த்தை அடையாளம் தெரியும்.

இங்கிலீஷ எப்ப ஆரம்பிக்கறதுன்னு கேப்பீங்க. என் கருத்து, வீட்டுல பேசுற மொழியில எழுத்து சத்தம் இணைப்பு கொஞ்சம் பிடிபடட்டும், இங்கிலீஷ் அதுவரைக்கும் வாய்ப்பேச்சா இருக்கட்டும். ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ்னா தள்ளிப்போட முடியாது, அப்ப ஒவ்வொரு எழுத்தோட சத்தத்தையும் வச்சு கூட்டி வாசிக்கற போனிக்ஸ் முறையில, இதே படிகளோட, வேற நேரத்துல வேற நோட்டுல வச்சு நடத்துங்க. ரெண்டையும் ஒரே உக்காரல்ல கலக்காதீங்க.

ஒரு நாள் எப்படி இருக்கும்

வாரத்துக்கு 5 நாள், 20ல இருந்து 25 நிமிஷம். சத்த விளையாட்டு 3 நிமிஷம், பழைய எழுத்து கார்டு 3, புது எழுத்தோ புது கூட்டமோ 5, வார்த்தையும் வாக்கியமும் வாசிக்கறது 7, சொல்ல எழுதறது 5. ஞாயித்துக்கிழமை மொத்தமா ரெண்டு மணி நேரம் உக்காந்தா ஈடாகுமான்னா ஆகாது. அழுதா அன்னைக்கு மூடிடுங்க, ஆனா தெரிஞ்ச ஒரு வார்த்தைய வாசிக்க வச்சுட்டு மூடுங்க. உங்களுக்குக் கோபம் வர்ற ஆளுன்னு தெரிஞ்சா வீட்டுல வேற யாராவது உக்காரட்டும், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

ஸ்கூல்ல என்ன கேக்கணும்

சண்டைக்குப் போகாம எழுதிக் குடுங்க. முன்னறிவிப்பு இல்லாம கிளாஸ்ல எழுப்பி நிக்க வச்சு வாசிக்கச் சொல்லக் கூடாது, வேணும்னா முந்தின நாளே எந்தப் பத்தின்னு சொல்லட்டும், வீட்டுல பழகிட்டு வரும். பரீட்சையில கூடுதல் நேரம். அறிவியல், சமூக அறிவியல்ல எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்காம இருக்கறது, முடிஞ்சா வாய்வழியா கேக்கறது. போர்டுல இருந்து பாத்து எழுதறதுக்குப் பதிலா பிரிண்ட். கூடப் படிக்கற பிள்ளைங்க "மக்கு"ன்னு கூப்பிடறத நிறுத்தறதும் டீச்சர் வேலைதான்னு நேராவே சொல்லுங்க.

காசு செலவழிக்காதீங்க

கலர் கண்ணாடி, கலர் பிளாஸ்டிக் ஷீட்டு, கண்ணுக்கான எக்சர்சைஸ், இதெல்லாம் வாசிப்புச் சிக்கலத் தீக்கும்ங்கறதுக்கு ஆதாரம் இல்லன்னு அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் 2009லயே சேந்து அறிக்கை விட்டாங்க. டிஸ்லெக்சியாவுக்குன்னே செஞ்ச விசேஷ எழுத்துருவும் அப்படித்தான், பெருசா ஒண்ணும் கிழிக்கல. எழுத்துக்கு நடுவுல இடைவெளி அதிகமா விட்டு பெரிய சைஸ்ல பிரிண்ட் எடுத்துக் குடுத்தா சில பிள்ளைங்களுக்கு நெஜமாவே சுலபமாகுது, அதுக்கு செலவும் கிடையாது. மூளைக்கு டானிக்குன்னு விக்கறவங்க பக்கமே போகாதீங்க.

முன்னேற்றத்த எப்படிக் கண்டுபிடிக்கறது

மாசத்துக்கு ஒரு தடவ, அது பாக்காத, ஆனா அதே அளவு கஷ்டமான பத்தி ஒண்ண எடுத்து, ஒரு நிமிஷம் வாசிக்க விட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. சரியா வாசிச்ச வார்த்தை எத்தன, தப்பு எந்த வகைன்னு தேதி போட்டு எழுதுங்க. முதல் ரெண்டு மாசம் எண்ணிக்கை அசையாமகூட இருக்கலாம், தப்போட வகை மாறியிருக்கான்னு பாருங்க. "மரத்தடியில்"ல "மரம்"னு ஓடிட்டிருந்த பிள்ளை இப்ப "மரத்...த...டி..."ன்னு நிதானிச்சுத் திணறுதுன்னா வேகம் குறைஞ்ச மாதிரி தெரியும், ஆனா அதுதான் முன்னேற்றம். மூணு நாலு மாசம் விடாம செஞ்சும் வார்த்தையும் கூடல தப்பும் அதே வகைன்னா, புது எழுத்துக்குப் போறத நிறுத்திட்டு படி 3க்குத் திரும்புங்க, பெரும்பாலும் ஓட்டை அங்கதான் இருக்கும். அப்பவும் அசையலன்னா அந்த ரெக்கார்டிங்கையும் நோட்டையும் எடுத்துட்டு ஸ்பெஷல் எஜுகேட்டர்கிட்ட போங்க, வெறும் வாயால விளக்கறதவிட அத ஒரு தடவ போட்டுக் காட்டினா அவங்களுக்கு எங்க ஆரம்பிக்கணும்னு சீக்கிரமே தெரிஞ்சிடும்.